கேட்டேன் என்று சொன்னவன்

பேய்க் கதைகளுக்கு இரவு மிகவும் வசதியானது. எதுவும் சரியாகத் தெரியாது. தெரியாததை எப்படி வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இந்தச் சம்பவத்துக்கு அந்த வசதி கிடையாது. இது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கார்ப் பட்டறையில். ஆண்டு 1998. சம்பந்தப்பட்ட மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். மூவரையும் தனித்தனியே உட்காரவைத்து விசாரித்தாலும் விவரம் பிசகாது. ஒருவன் மட்டும் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் பெயர் ஹபீபுர் ரஹ்மான்.

பட்டறை நூர் முஹம்மதுவுடையது. சத்தம் போட்டுப் பேசாத மனிதர். ஆனால் வேலை விஷயத்தில் அவர் வைத்திருந்த ஒரு பழக்கத்தைப் பார்த்து மற்ற பட்டறைக்காரர்கள் சிரிப்பார்கள். அந்தப் பழக்கம் புரிந்தால்தான் நடந்தது புரியும்.

அப்போது சென்னைத் தெருக்களில் புதுமாதிரிக் கார்கள் ஓடத் தொடங்கியிருந்தன. அவற்றின் இன்ஜினையும் முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளையும் தாங்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டத்துக்கு சப்ஃபிரேம் என்று பெயர். நான்கு பெரிய போல்ட்டுகள் அதைக் காரின் உடலோடு பிணைத்து வைத்திருக்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இன்ன இறுக்கம் என்று ஒரு கணக்கு உண்டு. குறைந்தால், பள்ளங்களில் குலுங்கிக் குலுங்கிக் கழலும். மிஞ்சினால், போல்ட் இழுபட்டு ஒருநாள் முறியும். அந்தக் கணக்கைப் பிடிப்பதற்கென்றே இருக்கும் கருவி டார்க் ரெஞ்ச். வேண்டிய அளவைக் கைப்பிடியில் திருகி வைத்துவிட்டு இழுத்தால், சரியான இறுக்கம் வந்த கணத்தில் அது ‘டிக்’ என்று ஒரு சொடுக்குப் போடும். அதோடு நிறுத்த வேண்டும்.

நூர் முஹம்மதுவின் பட்டறைக்கு அடுத்த கொட்டகையில் டிங்கர் வேலை. நாள் முழுக்கத் தகரத்தில் சுத்தியல் விழுந்துகொண்டே இருக்கும். வண்டிக்கடியில் குழிக்குள் நின்று, தலைக்கு மேல் இரண்டு கைகளையும் தூக்கி, மூச்சைப் பிடித்து இழுப்பவனுக்கு அந்த இரைச்சலில் சொடுக்கு பிடிபடாது. ஆகவே இரண்டு ஆள் வேண்டும் என்றார் நூர் முஹம்மது. ஒருவன் கீழே நின்று இழுப்பான். மற்றவன் மேலே மட்கார்டில் காதை ஒட்டவைத்துக் குந்தியிருப்பான். இரும்பின் வழியாகச் சொடுக்கு நேரே காதுக்குள் ஏறி வரும். கீழே இருப்பவன், “கேட்டுச்சா?” என்பான். மேலே இருப்பவன், “கேட்டேன்” என்பான். அந்தச் சொல் வந்த பிறகுதான் இழுப்பவன் கையை எடுப்பான். அப்புறம் கேட்டவன் குழிக்குள் இறங்கி, போல்ட்டின் தலையிலிருந்து சட்டத்தின் மேல் வரை மஞ்சள் பெயிண்ட்டால் ஒரு கோடு போடுவான். பின்னால் போல்ட் அசைந்தால் கோடு இரண்டாகப் பிளந்து காட்டிக்கொடுக்கும்.

இழுப்பவன் சண்முகசுந்தரம். கேட்பவன் ஹபீப். எட்டு வருடமாக இதுதான் ஏற்பாடு.

“நம்ம ஹபீபுக்குப் பாம்புக் காது சார்” என்று வாடிக்கையாளர்களிடம் நூர் முஹம்மது சொல்லுவார். அது வெறும் பேச்சில்லை. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே எந்தச் சக்கரத்து பேரிங் போயிருக்கிறது என்று ஹபீப் சொல்லிவிடுவான். அவனுக்கென்று இருந்த ஒரே பெருமை அது. அந்தக் காதுதான் போன வருடம் அவனைக் கைவிட்டது.

ஒரேயடியாகப் போகவில்லை. மெல்லிய சத்தங்களும் கூரிய சத்தங்களும் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. முதலில் சைக்கிள் மணி. குளத்தங்கரையில் பின்னாலிருந்து வந்து மோதியவன், “இன்னா நைனா, காது செவுடா?” என்று கத்தினான். ஹபீப் அவனோடு சேர்ந்து சிரித்துவைத்தான். பிறகு குக்கர் விசில். அவன் மனைவி ஜஹீதா அதைப் பற்றி விசாரிக்கவில்லை. பேசும்போது சற்று அருகில் வந்து நின்றுகொள்ள ஆரம்பித்தாள். அவள் அப்படி நெருங்கி நிற்கும் ஒவ்வொரு முறையும் அவனுக்குக் கோபம் வந்தது. மூன்று வயது மகள் புஷ்ரா இரவில் அவன் காதோரம் வாய் வைத்து ரகசியம் சொல்லுவாள். அவனுக்குக் கிடைப்பது மூச்சுக் காற்று மட்டும். “அப்படியா?” என்பான். குழந்தை திருப்தியாகச் சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் விளக்கை அணைத்துவிடுவான்.

மயிலாப்பூரில் யார் கண்ணிலாவது படும் என்று தியாகராய நகருக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தான். பேச்சுக்குரல் இன்னும் சில வருடம் கேட்கும், ஆனால் கூரிய சத்தங்கள் போனது போனதுதான், திரும்ப வராது என்று அவர் சொன்னார். ஹபீப் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக, கண்ணால் கேட்கப் பழகினான். சொடுக்குப் போடும்போது ரெஞ்ச் கைக்குள் ஒரு நூலளவு துள்ளும். சண்முகத்தின் மணிக்கட்டு வெட்டி நிற்கும். மட்கார்டில் காதை வைத்தபடியே, சக்கர வளைவின் இடுக்கு வழியாக அந்த மணிக்கட்டைப் பார்ப்பான். வெட்டியதும், “கேட்டேன்” என்பான். ஒரு வருடத்தில் ஒரு போல்ட்கூடத் தப்பவில்லை. அதனால் அது பொய் என்றே அவனுக்குத் தோன்றாமல் போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ராமானுஜம் வந்தார். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், மெல்லிய குரல்காரர். கிளட்ச் மாற்றுவதற்காக அவருடைய புதுமாதிரிக் காரின் சப்ஃபிரேமையே கழற்றி இறக்கியிருந்தார்கள்.

“ஹபீப், நாலு மணிக்கு வண்டி கிடைச்சுடுமோல்லியோ? ஆத்துல எல்லாரும் காஞ்சிபுரம் கிளம்பிண்டிருக்கா. பொண்ணு ஸ்ரீலக்ஷ்மிக்கு ஏழு மாசம். குலுங்காம அழைச்சுண்டு போகணும்.”

“பூ மாதிரி போவும் சார்” என்றான் ஹபீப்.

பதினொரு மணிக்குமேல் சப்ஃபிரேமைத் தூக்கி மாட்டினார்கள். சண்முகம் குழிக்குள் இறங்கினான். முன்பக்கம் இடது போல்ட். மணிக்கட்டு வெட்டியது. “கேட்டேன்.” முன்பக்கம் வலது. “கேட்டேன்.” பின்பக்கம் இடது. “கேட்டேன்.”

நான்காவது, பின்பக்கம் வலது, ஒரு மூலைக்குள் இருந்தது. சண்முகம் நீளக் கம்பி ஒன்றைச் சேர்த்து, உடம்பை முறுக்கி, சைலென்சர் குழாய்க்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். ஹபீப் இடுக்கு வழியாகப் பார்த்தான். குழாய் தெரிந்தது. சண்முகத்தின் கால்சட்டை தெரிந்தது. மணிக்கட்டு தெரியவில்லை.

பக்கத்துக் கொட்டகையில் இரண்டு சுத்தியல்கள் ஒன்றாக விழத் தொடங்கின.

“கேட்டுச்சா?” என்றான் சண்முகம்.

ஹபீப் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான்.

“டேய், தோள் கழண்டுக்கினு போவுது. தூங்கிட்டியா? கேட்டுச்சா இல்லியா?”

“கேட்டேன்” என்றான் ஹபீப்.

சண்முகம் கையை எடுத்தான். ஹபீப் இறங்கிப்போய் நான்கு கோடுகளையும் இழுத்தான். நான்காவது கோட்டைப் போட்டதும் சண்முகத்தின் கையிலிருந்த ரெஞ்சைப் பார்த்தான். ரெஞ்சை வாங்கி இன்னொரு முறை இழுத்துப் பார்க்கலாம். ஆனால் ஏன் என்று சண்முகம் கேட்பான். இந்தப் பட்டறையில் கேட்டேன் என்று சொன்ன போல்ட்டை யாரும் இரண்டாம் தடவை தொட்டதில்லை.

சக்கரங்களை மாட்டி வண்டியைக் குழியிலிருந்து எடுத்தார்கள். சண்முகம் சாவியை வாங்கிக்கொண்டான். “அடையாறு பாலம் தாண்டி பெசன்ட் நகர் வரிக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன் பாய். சாந்தோம் ரோட்ல கேபிளுக்குத் தோண்டிப் போட்டு வெச்சிருக்கானுங்க. குலுக்கல் கீதா இல்லியான்னு அங்கியே தெரிஞ்சிடும்.”

ஹபீப் ஓட்டுநர் பக்கக் கதவருகே போனான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். சண்முகம் கண்ணாடியை இறக்கி நிமிர்ந்து பார்த்தான்.

“இன்னா மச்சி?”

“பெட்ரோல் இருக்கா பாத்துக்க” என்றான் ஹபீப். கதவைத் தன் கையாலேயே அறைந்து சாத்தினான்.

வண்டி போயிற்று. நூர் முஹம்மது தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார். டிங்கர் கொட்டகைக்காரர்களும் போனார்கள். “கை கழுவிக்கினு பின்னாடியே வரேன் பாய்” என்றான் ஹபீப். கையைக் கழுவினான். ஆனால் போகவில்லை. அப்படிப்பட்ட ஒரு பொய்யை வைத்துக்கொண்டு வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்க அவனால் முடியும் என்று தோன்றவில்லை.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. குழி காலியாகக் கிடந்தது. அதன் அடியில், வடியும் ஆயிலைப் பிடிக்கும் தகரத் தட்டு. சுவரில், சிவப்புத் துணி உறைக்குள் டார்க் ரெஞ்ச் ஆணியில் தொங்கியது. ஹபீப் கவிழ்த்த பெட்டியொன்றின்மேல் உட்கார்ந்தான். சண்முகம் இந்நேரம் சாந்தோம் தாண்டியிருப்பான் என்று நினைத்தான். வேறெதையும் நினைக்க முடியவில்லை.

கரண்ட் போயிற்று. மின்விசிறி தளர்ந்து நின்றது.

டிக்.

ஹபீப் நிமிர்ந்தான். அவனுக்கு முதலில் ஏற்பட்டது பயமில்லை, சந்தோஷம். கேட்டுவிட்டது. ஒரு வருடத்துக்கு முன்னால் எப்படிக் கேட்குமோ அப்படியே, ஊசி குத்தினாற்போல், காதின் நடுவில். டாக்டர் சொன்னது தவறு. புஷ்ரா இன்று இரவு சொல்லும் ரகசியம் கேட்கும். அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

அப்புறம்தான், எது சொடுக்குப் போட்டது என்ற கேள்வி வந்தது.

ரெஞ்ச் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உறையின் நாடா கட்டியபடியே இருந்தது.

“கேட்டுச்சா?”

குரல் குழிக்குள்ளிருந்து வந்தது. குழிக்குள் நின்று பேசினால் எந்தக் குரலும் பானைக்குள் பேசியதுபோல்தான் கேட்கும். இன்னாருடையது என்று பிரித்தறிய முடியாது. சண்முகம் வழியிலேயே திரும்பிவந்துவிட்டான், விளையாடுகிறான் என்று ஹபீப் நினைத்தான்.

“டேய் சண்முகம், வண்டி எங்கடா?”

பதில் இல்லை. ஆனால் கீழே யாரோ காத்திருப்பது தெரிந்தது. அந்தக் காத்திருப்பு அவனுக்குப் பழகியது. எட்டு வருடப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

“கேட்டேன்.”

டிக்.

இந்த முறை அவன் குழியின் விளிம்புக்குப் போயிருந்தான். கீழே ஒருவரும் இல்லை. தட்டிலிருந்த ஆயிலின் மேல் ஒரு வட்டம் விரிந்து ஓரத்தைத் தொட்டு அடங்கியது. முதல் சத்தம் குழியின் இடதுபக்க முன் மூலையிலிருந்து வந்திருந்தது. இது வலதுபக்க முன் மூலை.

“கேட்டுச்சா?”

“கேட்டேன்…”

அது உண்மை. ஒரு வருடத்தில் அவன் அந்தச் சொல்லை உண்மையாகச் சொன்னது இப்போதுதான்.

டிக்.

இடதுபக்கம், பின் மூலை. காலையில் இழுத்த அதே வரிசை.

ஆயிலில் வட்டம்.

“கேட்டுச்சா?”

“கேட்டேன்.”

அடுத்து எது என்று அவனுக்குத் தெரியும். ஷட்டர் பக்கம் ஓடிவிடலாம் என்று திரும்பினான். பாதியில் நின்று, மறுபடி குழியைப் பார்த்தான்.

நான்காவது மூலை.

ஒரு மூச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பவனின் மூச்சு.

இரும்பு முனகியது…

சொடுக்கு வரவில்லை.

“கேட்டுச்சா?”

‘கேட்டேன்’ என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக நின்றது.

அவன் உதட்டை இறுக மூடிக்கொண்டான்.

“கேட்டுச்சா?”

குழியின் விளிம்பிலிருந்து.

“கேட்டுச்சா?”

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

ஆயில் அசையவில்லை.

ஒன்றும் அசையவில்லை…

பிறகு அவன் காதோரம், புஷ்ரா வாய் வைக்கும் அதே இடத்தில், மூச்சுக் காற்று பட்டது. குளிர்ந்திருந்தது.

“கேட்டுச்சா?”

“கேக்கல” என்றான் ஹபீப். குரல் உடைந்தது. “கேக்கல மச்சி. எனக்கு கேக்கல. எனக்கு எதுவுமே கேக்கறதில்ல.”

மூச்சு நின்றது.

விசிறி சுழலத் தொடங்கியது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று இருபது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் துஆ ஓதிக்கொண்டிருந்தார்கள். ஹபீப் குழியின் விளிம்பில் மண்டியிட்டுக் கிடந்தான். மஞ்சள் பெயிண்ட் டப்பா அவன் முழங்கால் பட்டுக் கவிழ்ந்து, தரையெல்லாம் வழிந்திருந்தது.

வண்டி திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று. நடக்கிற வேகத்தில் வந்தது. சண்முகம் இறங்கினான். சட்டையின் முதுகெல்லாம் ரோட்டுப் புழுதி. மல்லாந்து படுத்து எழுந்தவன் முதுகு. அவன் ஹபீபின் முகத்தைப் பார்க்காமல், தரையில் வழிந்திருந்த பெயிண்ட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

“நீ எங்கயும் போவலல்ல?”

“இல்ல.”

“இங்கியேதான் இருந்த.”

“இங்கதான்.”

“வண்டில நீ இல்ல. தெரியும். கதவ சாத்தினதே நீதான்.” சண்முகம் தண்ணீர்க் குடத்தருகே போய் ஒரு டம்ளர் குடித்தான். இன்னொன்றும் குடித்தான். “பாலத்து மேல போய்க்கினு இருக்கேன். காலுக்கு அடில யாரோ கேட்டுச்சா, கேட்டுச்சான்றான். என் குரல் மாதிரியே கீது. ஆனா நான் வாயத் தொறக்கல மச்சி. சரி, வெயிலு, பிரமைன்னு போறேன். அப்பால பின்சீட்டுல நீ பேசற. அழுதுக்கினே பேசற.”

ஹபீப் குழியைப் பார்த்தான்.

“கேக்கல மச்சின்ன. எனக்கு எதுவுமே கேக்கறதில்லன்ன. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. ஓரங்கட்டி எறங்கினேன். வாட்சப் பாத்தேன், ஒண்ணு இருவது. கீழ படுத்து கைய உட்டா…” அவன் ஆள்காட்டி விரலை ஆட்டிக் காட்டினான். “நாலாவது போல்ட்டு இப்டி ஆடுது. பாதிக்கு மேல வெளிய வந்து தொங்கிக்கினு கீது. கோடு ரெண்டாப் போச்சு. கைலயே முறுக்கி வெச்சி உருட்டிக்கினு வந்தேன். சாயங்காலம் காஞ்சிபுரம் ரோட்ல எண்பதுல போயிருந்தா இன்னா ஆயிருக்கும்னு நீயே சொல்லு.”

“தெரியும்.”

“எப்பத்துலேருந்து மச்சி?”

“போன ரம்ஜானுக்கு முன்னாடிலேருந்து.”

“அப்ப ஒரு வருஷமா நீ கேட்டேன் கேட்டேன்னது எல்லாம்?”

“ஒன் கையப் பாத்து சொன்னேன்.”

சண்முகம் தன் வலது மணிக்கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டான். வேறு யாருடையதோபோல் பார்த்தான். திட்டியிருந்தால் ஹபீபுக்கு நன்றாக இருந்திருக்கும். சண்முகம் திட்டவில்லை. ஷட்டர் பக்கம் கண்ணைக் காட்டினான். அங்கே நூர் முஹம்மது நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தொப்பியைத் தலையிலிருந்து எடுத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

அவர் வந்து, கவிழ்ந்து கிடந்த பெயிண்ட் டப்பாவை நிமிர்த்தி, மூடியைத் தேடி எடுத்து மூடினார். அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். எட்டு வருடமாக அந்த டப்பா ஹபீபின் காலருகேதான் இருக்கும்.

“நாலு மணிக்கு சார் வருவாரு” என்றார். “நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு.”

போல்ட்டின் மறை தேய்ந்துபோயிருந்தது. புதிது வாங்கிவந்து போட்டால்தான் வண்டி வெளியே போகலாம். அது அன்றைக்கு ஆகிற காரியமில்லை. ராமானுஜம் சொன்ன நேரத்துக்கு வந்தார். நெற்றியில் புதிதாக இட்ட திருமண், கையில் கூஜா.

“என்ன ஹபீப், பூ மாதிரி ஆயிடுத்தா?”

ஹபீப் சொன்னான். போல்ட் இறுகியதைக் கேட்காமலே கேட்டேன் என்று சொன்னதை, காது போய் ஒரு வருடமானதை, அதை மறைத்ததை. பாலத்தில் நடந்ததையும் பட்டறையில் நடந்ததையும் சொல்லவில்லை. அவற்றைச் சொன்னால் தன் குற்றத்துக்கு ஒரு விசித்திரமான அழகு வந்துவிடும் என்று அவனுக்குப் பட்டது.

ராமானுஜம் கூஜாவைக் கீழே வைத்தார். காரைப் பார்த்தார். பின்சீட்டில் ஸ்ரீலக்ஷ்மிக்காக அவர் முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருந்த இரண்டு தலையணைகள் கண்ணாடி வழியே தெரிந்தன. பிறகு அவர் ஹபீபின் பக்கம் திரும்பி, அதுவரை யாரும் அவரிடம் கேட்டிராத உரத்த குரலில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னார்:

“பரவாயில்லை ஹபீப். டாக்ஸி வச்சுண்டு போய்க்கறோம். பரவாயில்லை.”

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெல்லப் பேசியிருந்தாலும் ஹபீபுக்குக் கேட்டிருக்கும். அவர் அன்பாகத்தான் கத்தினார். அந்த அன்பை ஹபீபால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கையைத் துடைக்கும் துணியை எடுத்து, சுத்தமாயிருந்த கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

அன்று இரவு புஷ்ரா காதோரம் வந்தபோது, “ரகசியத்த அத்தாவுக்கு சத்தமா சொல்லும்மா” என்றான். ஜஹீதா அடுக்களையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.  அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

நூர் முஹம்மது அவனை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஆளை மாற்றிப் போட்டார், அவ்வளவுதான். இனி இழுப்பவன் ஹபீப், கேட்பவன் சண்முகம். “நம்ம ஹபீபுக்குப் பாம்புக் காது” என்ற பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. அதை நிறுத்தியதாக அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால், வெயிலில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் பிரமை வந்தது என்று சொல்லிவிடலாம். சண்முகமேகூடக் கொஞ்சநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு, அதே மாதிரிக் கார் இன்னொன்று வந்தது. அதே சப்ஃபிரேம் வேலை. ஹபீப் குழிக்குள் நின்று இழுத்தான். முதல் மூன்று போல்ட்டுகளும் ஒழுங்காக முடிந்தன. அவன் கேட்பான், சண்முகம் மேலிருந்து தன் கட்டைக் குரலில் பதில் சொல்லுவான். பேச்சுக்குரல் ஹபீபுக்கு நன்றாகவே கேட்கும்.

நான்காவது. பின்பக்கம், வலது.

அவன் நீளக் கம்பியைச் சேர்த்தான். உடம்பை முறுக்கிக்கொண்டு நின்றான். பல்லைக் கடித்து இழுத்தான். கையில் துள்ளல் வந்ததா, போல்ட் தலையைக் கவ்வும் சாக்கெட் நழுவியதா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

“கேட்டுச்சா?” என்றான்.

தன் குரல் குழிச் சுவரில் பட்டுத் திரும்பிவந்தது. அந்த வெள்ளிக்கிழமை கேட்ட குரலும் இப்படித்தான் இருந்தது.

“கேட்டேன்.”

பதில் உடனே வந்தது. தெளிவாக, தயக்கமே இல்லாமல். ஹபீப் ரெஞ்சைக் கழற்றிக் கீழே இறக்கினான்.

மட்கார்டுக்கு மேலே சண்முகத்தின் முகம் எட்டிப் பார்த்தது. வாயில் பாதி மென்ற வாழைப்பழம்.

“இன்னா மச்சி, ஏன் எறக்கிட்ட? நான் இன்னும் காதே வெக்கலியே.”

“நீ பதில் சொன்னியே…”

“நானா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹபீபுக்கு அந்தக் குரல் யாருடையது என்று அதற்குள் தெரிந்துவிட்டது. ஒரு வருடம், நாளுக்குப் பலமுறை, அதே இடத்திலிருந்து அதே ஒற்றைச் சொல்லைச் சொன்ன குரல். அவனுடைய குரல்.

அவன் ரெஞ்சைத் திரும்ப மாட்டி இழுத்தான்.

போல்ட் இன்னும் அரைச் சுற்றுக்கு மேல் சுழன்றது.

அந்தப் பட்டறை இன்னும் இருக்கிறது. இப்போதும் இந்த வேலைக்கு இரண்டு பேர்தான். ஒருவன் கீழே, ஒருவன் மேலே. ஆனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. சொடுக்கு கேட்டதும் மேலே இருப்பவன் கையை நீட்டிக் குழிக்குள் காட்ட வேண்டும். கீழே இருப்பவன் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரெஞ்சை எடுக்க வேண்டும். குரலை அங்கே யாரும் நம்புவதில்லை.